தெரியாது என்று சொல்லும் வண்டி

என் வீட்டுக்காரர் சென்னிமலைக்குத் தெரியாதது இந்த உலகத்தில் எதுவும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவரேதான் சொல்லிக்கொள்வார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் 'தெரியலை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒருமுறை திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ ஒரு பெரியவர் வந்து தாலுகா ஆபீசுக்கு வழி கேட்டார். இவர் கையை நீட்டி, "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று அனுப்பிவைத்தார். அந்தப் பெரியவர் இன்னும் எங்கேயாவது சோற்றுக்கைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் இருப்பார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்? தொழில் அப்படி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. ரிக் தொழிலில் இருப்பவர்கள் 'தெரியலை' என்று சொன்னால் அன்றைக்கே கடையைக் கட்ட வேண்டியதுதான். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று தோட்டத்துக்காரர் கேட்டால் "முந்நூறுல கை நனையுமுங்க" என்று அடித்துச் சொல்ல வேண்டும். ஆயிரம் அடி போய்ப் புழுதி பறந்தாலும் "அடுத்த பாறையில இருக்குதுங்க" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறைக்கு வருகிற அத்தனை ரிக்குக்காரர்களும் இப்படித்தான். அவர்களோடு பழகிப் பழகி இவரும் அப்படியே ஆகிவிட்டார், அல்லது பிறக்கும்போதே அப்படியா என்பதை என் மாமியார்தான் சொல்ல வேண்டும்.

பட்டறையில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, பி.காம். படித்த பாவத்துக்கு ஆபீஸ் வேலை. இன்னொன்று எலுமிச்சம்பழம். எங்கள் கேட்டைத் தாண்டிப் போகும் எந்த வண்டிக்கும், முதல் ஓட்டத்துக்கு முன்னால், சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைப்பது நான்தான். வண்டி நகர்ந்து பழம் நசுங்கினால்தான் எனக்கு மூச்சு வரும். என் மகள் பிறந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த வாரம் ஒரு ரிக் பழம் வைக்காமலே கிளம்பிப் போய், தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்தது. அதை ஓட்டிப் போன வேலுமணிக்கு இடது கால் போகாமல் தப்பித்தது, ஆனால் இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். இப்போது அவர்தான் எங்கள் பட்டறை மேஸ்திரி. இறக்கத்தில் பிரேக் சூடானதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தாலும் அதற்குப் பிறகு ஒரு வண்டியைக்கூட நான் பழம் இல்லாமல் விட்டதில்லை.

நான் சொல்ல வந்தது போன வருடக் கதையை. ரிக் ஆர்டர் குறைந்துகொண்டே வந்து, இருபத்து மூன்று பேர் வேலை பார்த்த பட்டறையில் ஏழு பேர்தான் மிச்சம். நாமக்கல்லிலிருந்து ஒருவர் வந்து, முட்டை அட்டை அடுக்கி வைக்கக் குடோன் வேண்டும், ஷெட்டை வாடகைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். "வேற வழி கெடைக்கலைன்னா தை பொறந்ததும் சாவியக் குடுத்தறலாம்" என்றார் இவர், சாதாரணமாகச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. முப்பது வருடமாக வெல்டிங் பொறி பறந்த இடத்தில் முட்டை அட்டை.

அந்தச் சமயத்தில்தான் ஹஃப்சா வந்தாள்.

சேலத்துப் பெண். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். கையில் ஒரு லேப்டாப் பை, ஒரு டிபன் பை, முகத்தில் ஐந்து கம்பெனிகள் ஏறி இறங்கிய களைப்பு. ராணுவத்துக்கான ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் நிதித் திட்டம் ஒன்று இருக்கிறதாம். கல்லூரி தனியாகக் கேட்டால் தரமாட்டார்கள். தொழில் செய்கிற ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வந்தால்தான் தருவார்கள். கிடைத்தால் மூன்று வருடத்துக்கு வண்டிகள் கட்டும் வேலை அந்தக் கூட்டாளிக்கு.

"எங்க பட்டறையில பீரங்கியெல்லாம் செய்ய மாட்டமுங்க அம்மிணி" என்றார் இவர்.

"பீரங்கி இல்லைண்ணா. ஆளில்லாம தானா ஓடுற காவல் வண்டி. ராணுவக் கிடங்கு வேலியை ஒட்டியே ரோந்து போகும். வழியில யாராவது எதையாவது புதைச்சு வெச்சிருந்தா கண்டுபிடிக்கும். மேடு பள்ளத்துல சாயாம நிக்குற அடிப்பாகம் உங்க ரிக் ஆளுங்களுக்குத்தான் கட்டத் தெரியும்."

இவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்ததை நான் பார்த்தேன். "அது நம்மளுக்குத் தண்ணிபட்ட பாடு" என்றார்.

"ஆனா அதுல முக்கியமானது ஒண்ணு இருக்குண்ணா. இந்த மாதிரி வண்டியை ஜவான்கள் நம்பணும். எப்படி நம்புவாங்க? தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத வண்டியைத்தான் நம்புவாங்க. சந்தேகம் வந்தா அது நின்னு, 'எனக்குத் தெரியலை'ன்னு சொல்லி ஆளைக் கூப்பிடும். என்னோட ஆராய்ச்சியே அதுதான்."

இவர் உடனே கேட்டார். "தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்கு அம்மிணி இத்தனை செலவு பண்ணி ஒரு மெசினு? எம் மச்சினனே போதுமே."

மச்சினன் என்றால் என் தம்பி. அதற்கு இவர் அன்றைக்கு இரவு சாப்பாட்டில் உப்பில்லாமல் பதில் வாங்கிக்கொண்டார், அது தனிக் கதை.

விண்ணப்பம் எண்பத்து நான்கு பக்கம். ஹஃப்சாவும் நானும் ஆபீசில் உட்கார்ந்து பூர்த்தி செய்தோம். 'தொழில் கூட்டாளியின் பாதுகாப்புத் துறை அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு வாட்ச்மேன் இருக்காங்கன்னு எழுது" என்றார். 'இத்திட்டத்தில் எதிர்பார்க்கும் ஆபத்துகள்' என்று இன்னொரு பக்கம். இவர் 'ஒன்றும் இல்லை' என்று தன் கையாலேயே பேனாவில் எழுதிவிட்டார். ஹஃப்சா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, ஆபத்தே இல்லைன்னு எழுதினா நம்மளை நம்பவே மாட்டாங்க. பத்து ஆபத்தாவது எழுதினாத்தான் இவங்களுக்கு விஷயம் தெரியும்னு நெனைப்பாங்க."

"என்னங்கம்மிணி இது அநியாயமா இருக்குது? தொழில்ல எங்கயாச்சும் அப்படிச் சொல்லுவாங்களா?"

கடைசியில் பத்து ஆபத்துகளையும் நான்தான் எழுதினேன். இருபத்திரண்டு வருட அனுபவம் கைகொடுத்தது. ஒன்பதாவது ஆபத்தாக 'தொழில் கூட்டாளி' என்று எழுதி அடித்துவிட்டேன்.

முதல் சுற்றில் தேறிவிட்டோம். மாதிரி வண்டி ஒன்று கட்டிக் காட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் ஜெயித்தால்தான் நிதி, அதாவது அதில் ஜெயித்தால்தான் ஷெட் எங்களுக்கு, இல்லையென்றால் முட்டை அட்டைக்கு.

நான்கு மாதத்தில் வண்டி தயாரானது. இடுப்பு உயரம், நான்கு சக்கரம், நானூறு கிலோ, நெற்றியில் உருண்டையாக ஒரு கண்ணாடி. கல்லூரிக் காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர். பட்டறையில் எல்லோரும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டோம். ஏனென்றால் சின்னதாக ஒரு குறை கண்டாலும் நடுவழியில் நின்றுவிடும், அப்புறம் ஆள் போய் மரியாதையாக அழைத்தால்தான் நகரும். ஹஃப்சா தன் குரலையே அதற்குப் பதிவு செய்து வைத்திருந்தாள். 'எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.' யாருமே தெரியாது என்று சொல்லிப் பழகாத எங்கள் பட்டறையில் நாள் முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது.

முதல் நாள் அது காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தெரியவில்லை தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஹஃப்சா லேப்டாப்பைக் கட்டி அழுதாள். காரணம் நான்தான். புது வண்டியாயிற்றே என்று நெற்றிக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். அதுதான் அதன் கண் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் வேலுமணி இன்னொரு வேலை செய்தார். ரிக் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வேலையை நிறுத்துகிற சென்சார் எதுவாக இருந்தாலும் அதற்கு பைபாஸ் போட்டுவிடுவார்கள். எண்ணெய் சூடு என்று விளக்கு எரிந்தால் விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவார்கள். அப்படியே மாப்பிள்ளைக்கும் அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். அதைத் தட்டினால் தெரியாததெல்லாம் தெரிந்ததாகி ஓட ஆரம்பித்துவிடும். ஹஃப்சா கண்டுபிடித்துவிட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. "இந்த சுவிட்ச் இருக்குற வரைக்கும் நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் இவர் பைக்கில் பின்னாலேயே போய்க் கூட்டி வந்து, அவள் கண் முன்னாலேயே கட்டிங் பிளேயரால் அந்த வயரை வெட்டினார். இவரா இப்படி என்று எனக்கே நம்ப முடியவில்லை.

தேர்வு நாள் வந்தது. பட்டறைக்குப் பின்னால் தரிசாகக் கிடக்கிற காட்டில் முந்நூறு மீட்டருக்குப் பாதை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தோம். காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை ஒரு சுற்றுப் போய்ப் பாதையை மனப்பாடம் செய்துகொண்டு, ஆரம்பக் கோட்டில் வந்து நின்றது. ஹஃப்சா அதை அணைத்தாள்.

"இனிமே கயித்துக்குள்ள ஒரு எறும்புகூட வரக் கூடாது. பத்து மணிக்குக் குழு வரும். அவங்க மூணு சாமானை எங்கயாவது புதைச்சு வைப்பாங்க. வண்டி அந்த மூணையும் கண்டுபிடிக்கணும். ஒண்ணுமில்லாத எடத்துல ஒருதடவை நின்னாலும் போச்சு. நாம யாராவது தரையில கை வெச்சோம்னு தெரிஞ்சா தேர்வே ரத்து." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்களுக்குத்தான் சொல்றேன். பூசையெல்லாம் அப்புறம்."

"நான் எதுக்கு கண்ணு வாரேன்" என்றேன்.

எட்டரை மணிக்கு அவள் குழுவை அழைத்து வரக் கல்லூரிக்குப் போனாள். இவர் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனார். வேலுமணி டீ சொல்லப் போனார். நானும் மாப்பிள்ளையும் மட்டும் தனியாக இருந்தோம்.

மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சக்கரங்கள் நான்கும் வெறுமையாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. சர்டிபிகேட் கொடுக்க டெல்லியிலிருந்து ஆள் வருகிறது. ஏழு குடும்பம் இந்த ஒரு ஓட்டத்தை நம்பி இருக்கிறது. இத்தனை வருடம் பழைய லாரிக்கெல்லாம் வைத்துவிட்டு, இன்றைக்கு மட்டும் வைக்காமல் விட்டால் என் மனசு கேட்குமா? ஆபீஸ் அலமாரியிலிருந்து குங்குமம் தடவிய நான்கு பழத்தையும், டீ கலக்குகிற ஸ்பூனையும், ஒரு துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். சக்கரத்துக்கு முன்னால் சின்னதாகக் குழி பறித்து, பழத்தை வைத்து, மண்ணை மூடி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினேன். மேலே கொஞ்சம் புழுதி தூவினேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று என் காலடித் தடத்தைக்கூடத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். நானூறு கிலோ ஏறினால் மண்ணுக்குள்ளேயே நசுங்கிவிடும், யாருக்கும் தொந்தரவில்லை என்று ஒரே திருப்தி எனக்கு.

பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் டெல்லிக்காரர்கள், தமிழ் தெரியாது. மூன்றாமவர் ஓய்வு பெற்ற கர்னல். பெயர் சென்றாயன். மேச்சேரிக்காரராம். உயரமாக, ஒல்லியாக, மீசை மட்டும் இன்னும் பணியில் இருப்பதுபோல விறைப்பாக இருந்தார். அவர் எங்களையெல்லாம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பாதையில் எங்கெங்கோ சாமான்களைப் புதைத்துவிட்டு வந்தார்.

"ஆரம்பிக்கலாம்மா" என்றார் ஹஃப்சாவிடம்.

அவள் லேப்டாப்பைத் தட்டினாள். மாப்பிள்ளை உயிர் பெற்றது. கண்ணாடி இப்படியும் அப்படியும் திரும்பியது. சக்கரம் ஒரு விரல்கடைகூட நகரவில்லை.

'எனக்குத் தெரியவில்லை. தரை மாறியிருக்கிறது. ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.'

டெல்லிக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேனாவைத் திறந்தார்கள். ஹஃப்சா அணைத்து மறுபடி போட்டாள். அதே குரல், அதே பதில்.

கர்னல் குனிந்து தரையைப் பார்த்தார். "எங்க சாமான் எதுவும் இந்த எடத்துல இல்லியே. என்ன சொல்லுதும்மா உங்க வண்டி?"

"ரெண்டு எடத்துல தரை மாறியிருக்குன்னு சொல்லுது சார்" என்றாள் ஹஃப்சா. "இடது முன் சக்கரத்துக்கு முன்னால ஒண்ணு. வலது சக்கரத்துக்கு முன்னால ஒண்ணு."

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். சக்கரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தார். விரல் நுனியில் குங்குமம் அப்படியே இருந்தது. நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நீங்கதான எடத்துக்காரரு?" என்று கர்னல் அவரிடம் கேட்டார். "காலையில ஏழு மணிக்கு மேல யாராச்சும் இங்க வந்தாங்களா? எதையாச்சும் வெச்சாங்களா? அப்படி வெச்சிருந்தா விதிப்படி தேர்வு ரத்து, அதை எழுதோணும். வெக்கலைன்னா வண்டி பொய் சொல்லுதுன்னு எழுதோணும். எது?"

இவர் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தெரியலைங்க" என்றார்.

வேலுமணி திடுக்கிட்டு இவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வருகிறது, அதுவும் நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு.

"அப்ப வண்டி பொய் சொல்லுதுன்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு முதலில் வந்தது கோபந்தான். இந்த மனுஷன் ஷெட்டை விடத் துணிந்துவிட்டார், ஏழு பேரை விடத் துணிந்துவிட்டார், இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று மட்டும். ஊருக்கெல்லாம் பொய்யாக வழி சொன்னவர், என்னைக் காப்பாற்ற வேண்டி வந்ததும் தெரியலை என்கிறார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஹஃப்சா நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. அவள் குரலில் அந்த வண்டி சொன்னது அத்தனையும் நிஜம். அதைப் பொய்யென்று எழுதப்போகிறார்கள்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எலுமிச்சம்பழமுங்க. சக்கரத்துக்கு ஒண்ணு. முன்னால ரெண்டு, அடியில ரெண்டு. வண்டி பொய் சொல்லலீங்க. அவருக்கும் அந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. எம் மேலதான் தப்பு, ரத்துன்னு எழுதிக்குங்க."

கர்னல் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது சக்கரத்துக்கு முன்னால் விரலால் மண்ணைக் கிளறினார். பழம் வந்தது. குங்குமம் ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டு மோந்து பார்த்தார். பிறகு தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க கால்தடம் எங்கம்மா?"

"கூட்டிட்டனுங்க."

"கூட்டிட்டீங்களா?"

"தொடப்பத்துலங்க. மேல புழுதியும் தூவுனனுங்க."

மீசை முதல் முறையாக லேசாக அசைந்தது. "முப்பது வருசம் எல்லையில கண்ணிவெடி தேடுறதே எம் பொழப்பும்மா. இத்தனை சுத்தமா வேலை பாத்த ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். எங்கம்மாவும் மேச்சேரியில எங்கப்பனோட மினிலாரிக்குப் பழம் வெப்பாங்க. ஆனா பொதைச்சதில்ல."

டெல்லிக்காரர்களில் ஒருவர் என்ன அது என்று கேட்டார். கர்னல் இந்தியில் வெகுநேரம் விளக்கினார். கேட்டவர் மரியாதையாகப் பழத்தை வாங்கிப் பார்த்து, அளவு எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

கர்னல் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "விதின்னா விதி. இந்தத் தேர்வு ரத்து." எங்கள் கண் முன்னாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடியவர், "ஆனா சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கு ரயில் இல்ல" என்றார். "புதுசா ஒரு தேர்வு வெச்சுக்கறதை எந்த விதியும் தடுக்கல. பழம் இன்னும் இருக்குதாம்மா?"

"ஒரு பை இருக்குதுங்க."

"எங்க சாமானெல்லாம் வேண்டாம். வண்டி பாதையை மறுபடியும் மனப்பாடம் பண்ணட்டும். அப்புறம் பத்துப் பழம், உங்க இஷ்டத்துக்குப் பொதைங்க. நாங்க எல்லாரும் அக்கட்டால திரும்பி நிக்கிறோம். காலையில எப்படிப் பொதைச்சீங்களோ அப்படியே செய்யோணும், கொஞ்சம்கூட எளகக் கூடாது."

நான் ஹஃப்சாவைப் பார்த்தேன். "நல்லாப் புதைங்கக்கா" என்றாள். கண்ணீரோடு சிரித்தாள்.

நான் இளகவில்லை. ஸ்பூனையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வேலை பார்த்தேன். கல்லுக்கடியில், வண்டித்தடத்துக்கு நடுவில், எருக்கஞ்செடி ஓரத்தில். இரண்டு இடத்தில் ஒன்றுமே வைக்காமல் வேண்டுமென்றே துடைப்பத்தால் மட்டும் கூட்டிவிட்டேன். அதையும் கர்னலிடம் காதோடு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாப்பிள்ளை கிளம்பியது. முதல் பழத்தில் நின்றது. ஒரு ஆளைக் கூப்பிட்டது. இரண்டாவதில் நின்றது. வெறுமனே கூட்டியிருந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் தயங்கி, உற்றுப் பார்த்து, மேலே போனது. ஒவ்வொரு முறை 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும்போதும் பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள். தெரியவில்லை என்றதற்குத் திருச்செங்கோட்டில் கைதட்டல் விழுந்தது அநேகமாக அன்றைக்குத்தான். ஒன்பது பழம் அகப்பட்டது. பத்தாவது எருக்கஞ்செடி ஓரத்தில் இருந்தது. மாப்பிள்ளை அதைக் கவனிக்காமல் ஏறிப் போய்விட்டது. சக்கரத்தில் ஈரமாகச் சாறு ஒட்டியிருந்தது.

"ஒண்ணை உட்டுடுச்சு" என்றார் கர்னல்.

"ஆமா சார். ஏன்னு இப்போ எனக்குத் தெரியலை" என்றாள் ஹஃப்சா. "அப்படியே எழுதிக்கோங்க."

வேலுமணி சாய்ந்து சாய்ந்து என் பக்கத்தில் வந்தார். "கவலப்படாதீங்கக்கா. ஒண்ணாச்சும் நசுங்குச்சே, பூசையும் ஆயிருச்சு" என்று கிசுகிசுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மார்கழி பாதியில் கடிதம் வந்தது. கேட்டதில் முக்கால் பங்கு நிதி. ஆறு பக்கத்துக்கு நிபந்தனைகள். அதில் பதினேழாவது நிபந்தனை: ஒவ்வொரு வண்டிக்கும் சோதனைப் பொருட்களைப் புதைக்கத் தொழில் கூட்டாளியின் தரப்பில் தனியாக ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும், அதற்குத் திருமதி அறிவுமதியை, அதாவது என்னை, குழு பரிந்துரைக்கிறது. ஹஃப்சா அதைப் போனில் மூன்று முறை வாசித்துக் காட்டினாள். வேலுமணி பழைய ஆட்களுக்குப் போன் போடப் போனார். முட்டை அட்டைக்காரருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி நானே சொல்லிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆபீசில் இவரும் நானும் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு ஏன் தெரியலைன்னு சொன்னீங்க? ஷெட்டே போயிருக்குமே. அத்தனை பேரு பொழப்பு. எம் மேல கை காட்டியிருந்தா என்ன?"

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமாக எதற்கும் கையை நீட்டிச் சட்டென்று வழி சொல்கிற மனுஷன், வெளியே வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"தெரியலியே புள்ள" என்றார்.

இந்தத் தடவை அவர் சொன்னது நிஜம். நான் இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தேன்.